புறப்பட்ட இடத்துக்கே, வேறு வழியாக

வணக்கம்.

உங்கள் சைக்கிள் பயணக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஆறு மாதமாக நானும் ஞாயிறு காலைகளில் ஓட்டுகிறேன். ஒரே சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்புவதுதான் இதுவரை வழக்கம். சென்ற வாரம் முதல்முறையாக, கிராமத்துச் சிறு சாலைகள் வழியாக 40 கிலோமீட்டர் வட்டப் பாதை ஒன்றைச் செல்பேசியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் பாதி அருமையாக இருந்தது. பின்பாதியில் செயலி என்னை நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விட்டது. எதிர்காற்று வேறு. கடைசிப் பத்து கிலோமீட்டர் அழாத குறைதான். "செக்குமாடு மாதிரி சுற்றி வருவதற்கா இவ்வளவு பாடு?" என்கிறார் நண்பர். பேசாமல் பழைய வழிக்கே போய்விடலாமா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழைய வழிக்குப் போக வேண்டாம். முதல் பாதி அருமையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே சற்று நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

உங்களுக்குக் கெட்டுப்போனது வட்டத்தின் பின்பாதி மட்டும்தான். புதிதாகப் பாதை போடுகிறவர்கள் பலருக்கும் அங்கேதான் கெடுகிறது. வரைபடத்தின் முன் உட்காரும்போது மனம் முழுக்கப் புறப்படும் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த ஓடையைத் தாண்டுவது, எந்தக் குன்றின் அடிவாரத்தைச் சுற்றுவது என்று ஆசை ஆசையாகப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியைச் செயலியின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அது சுருக்கமான சாலையைக் காட்டி வேலையை முடித்துக்கொள்கிறது. கால் ஓய்ந்து கவனமும் குறைந்த நேரத்தில்தான் கனரக வண்டிகளுக்கு நடுவே போய் நிற்கிறோம்.

அதனால் நான் பாதையைக் கடைசியிலிருந்து போடுகிறேன். வீட்டுக்கு வந்துசேரும் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் எது என்பதுதான் முதல் கேள்வி. அது சமதளமாக, அமைதியாக, கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லும் அளவுக்குப் பழகியதாக இருக்க வேண்டும். அது முடிவான பிறகுதான் பின்னோக்கி நகர்ந்து மற்றதை யோசிப்பேன். தொலைவில் இருக்கும் பகுதி கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் சமாளித்துவிடலாம், அப்போது உடம்பில் தெம்பு இருக்கும்.

சரி, அமைதியான சாலையை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? கோணல்மாணலாக இருப்பதைத் தேடுங்கள். வயல் வரப்புகளை ஒட்டி, ஒவ்வொரு நிலத்தின் மூலையிலும் திரும்பித் திரும்பிப் போகிற சாலையில் அவசரக்காரர்கள் வருவதில்லை. பக்கத்திலேயே நேரான பெரிய சாலை ஒன்று ஓடினால் இன்னும் நல்லது, வேகமாகப் போகிறவர்களை அது இழுத்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டு பெரிய சாலைகளைக் குறுக்கே இணைக்கிற சிறு சாலை பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் கார்க்காரர்களின் குறுக்குவழி அதுவாகத்தான் இருக்கும். அகலமும் இல்லாமல் வேகமும் குறையாத அந்த மாதிரிச் சாலையைவிட நெடுஞ்சாலையின் ஓரமே மேல் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வண்டிப்பாதைகள், ஒற்றையடிப் பாதைகள்கூடப் பல இடங்களில் இருக்கின்றன. சாலையின் தளம் என்ன என்பதையும் பல இடங்களில் குறித்திருப்பார்கள். ஆனால் யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் பார்த்துக் குறித்தது அது. செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தும் ஒருமுறை ஏமாந்தேன். படம் வறண்ட காலத்தில் எடுத்தது, நான் போனது மழைக்குப் பிறகு. களிமண் டயரிலும் பிரேக்கிலும் அப்பி, சக்கரம் சுற்றவே மறுத்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். அதிலிருந்து மண்பாதை வருகிற இடத்திலெல்லாம் ஒரு மாற்றுவழியைக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் எதிர்காற்றுக்கு வருகிறேன். உங்கள் முதல் பாதி அத்தனை அருமையாக இருந்ததற்கு அதே காற்று முதுகில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்காற்றை நாம் காற்று என்று உணர்வதே இல்லை, இன்று கால்கள் நன்றாக இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். முகத்தில் மோதும் காற்றின் வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. காற்றில்லாத நாளில் 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், 18 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தில் போக நினைத்தால் நான்கு மடங்கு தடையைத் தாங்க வேண்டும். வட்டத்தில் போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது. 20 கிலோமீட்டரைப் பின்காற்றில் 27 வேகத்திலும், அடுத்த 20 கிலோமீட்டரை எதிர்காற்றில் 15 வேகத்திலும் ஓட்டினால் சராசரி 21 என்று தோன்றும். கணக்குப் போட்டால் 44 நிமிடமும் 80 நிமிடமும் சேர்ந்து இரண்டு மணி நான்கு நிமிடம். சராசரி வேகம் 19தான் வருகிறது, ஏனென்றால் கஷ்டமான பகுதியில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம்.

எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் கிளம்புவதும் உதவும். வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலடுக்கின் வேகமான காற்று கீழே கலக்கிறது. பெரும்பாலான நாட்களில் விடியற்காலையைவிட நண்பகலில் காற்று வலுத்திருப்பது அதனால்தான்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடுகளில் இடஞ்சுழியாகச் சுற்றினால், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போனால், பெரும்பாலும் இடது திருப்பங்களே வரும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட்டுத் திரும்ப வேண்டியிருக்காது. வலப்பக்கம் ஓடும் நாடுகளில் வலஞ்சுழி. அப்புறம், பாதையில் குன்று இருந்தால் செங்குத்தான பக்கம் ஏறி, சரிவு குறைந்த பக்கம் இறங்குங்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். ஆனால் குறுகிய சாலையில், ஜல்லி சிதறிய வளைவில், செங்குத்தாக இறங்கும்போது தவறைத் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது. காற்று ஒன்று சொல்லி இறக்கம் வேறொன்று சொன்னால் நான் இறக்கத்தின் பேச்சைத்தான் கேட்பேன்.

தூரத்தை நினைத்தும் பயப்பட வேண்டாம். 40 கிலோமீட்டர் முழு வட்டத்தின் விட்டம் 13 கிலோமீட்டருக்கும் குறைவு. பாதை ஓரளவு வட்டமாக இருந்தால் நேர்க்கோட்டில் வீடு அதற்கு மேல் தள்ளிப்போகாது. அதே 40 கிலோமீட்டரை ஒரே நேரான சாலையில் போய்த் திரும்பினால் 20 கிலோமீட்டர் தள்ளியிருப்பீர்கள். பஞ்சர் ஆகி மாற்று டியூபும் இல்லாத நாளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

உங்கள் நண்பருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். செக்குமாட்டுக்கு ஒரே தடம்தான். உங்கள் வட்டத்துக்குள் குறுக்காக ஒரே ஒரு சிறு சாலையைக் கண்டுபிடித்துவிட்டால் வெளிவட்டம், இரண்டு உள்வட்டங்கள் என்று மூன்று பாதைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் இரு திசையிலும் ஓட்டலாம் என்பதால் ஆறு. ஆறும் ஆறு விதம். சென்ற வாரம் மூச்சு வாங்கிய ஏற்றம் இந்த வாரம் இறக்கமாக வரும், முதுகுக்குப் பின்னால் இருந்த தோப்பு கண்ணெதிரே வரும்.

பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995இல் இதையே ஒரு முறையாக்கிவிட்டார்கள். சுரங்கப் பொறியாளராக இருந்த ஹூகோ போலன், நிலத்தடியில் சுரங்கப் பாதைகள் கூடும் இடங்களுக்கு எண் கொடுக்கும் வழக்கத்தை மேலே சைக்கிள் பாதைகளுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு எண். பத்து எண்களைத் தாளில் எழுதிக்கொண்டால் ஒரு வட்டம் தயார். பின்பு நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் அது பரவியது. அதைப் பற்றிப் படித்த பிறகு நானும் என் நோட்டில் முச்சந்திகளுக்கு எண் போட ஆரம்பித்தேன். இப்போது 31 எண்கள் இருக்கின்றன. காற்றைப் பார்த்துவிட்டு, கிளம்பும்போதுதான் எண்களைக் கோத்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு 40 கிலோமீட்டர் வேண்டாம். உங்கள் வட்டத்தின் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை மட்டும் வீட்டிலிருந்து தலைகீழாக ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் நெடுஞ்சாலையைத் தொடாமல். சென்ற வாரம் செயலி உங்களை அதில் ஏற்றிவிட்ட சந்திப்புக்குப் பக்கத்தில் வேறு சாலை ஏதாவது பிரிகிறதா, அதில் டிராக்டர் தடமாவது தெரிகிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதற்கு எண் 1 என்று போட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்