பண்டிகைக் காலையில் மசாலா வாஃபிள்: கேட்டவர்களுக்குப் பதில்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு காலையில் வீட்டோடு உட்கார்ந்து சாப்பிட மசாலா வாஃபிள் (மாவை மெஷினின் இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே ஊற்றிச் சுடுகிற, கட்டம் கட்டமாகக் குழி விழுந்த பலகாரம்) போடுவதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஏற்காட்டில் தங்க வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து கொடுப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அக்கா, ரெடிமேட் மிக்ஸ் வேண்டாம். அளவும் மசாலாவும் சொல்லுங்க. (அஸ்தம்பட்டி)

நாலைந்து பேருக்கு: மைதா 2 கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், நாட்டுச்சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், முட்டை 2, பால் ஒன்றேமுக்கால் கப், உருக்கிய வெண்ணெய் 100 கிராம்.

மசாலாவுக்குப் பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன், சுக்குத்தூள் 1 டீஸ்பூன், ஏலக்காய்த்தூள் அரை, ஜாதிக்காய் துருவியது கால் டீஸ்பூன், கிராம்பு இரண்டே மொட்டு. கிராம்பு கூடினால் வாயெல்லாம் பல்வலி மருந்து வாசம்தான் நிற்கும். பட்டை தாராளம், கிராம்பு கஞ்சம், அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் மிளகு கால் டீஸ்பூன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இங்கே காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் காய்க்கிற மிளகை அப்போதே இடித்துப் போட்டால், இனிப்புக்கு அடியில் மெல்லிய காரம் தெரியும். பொடித்து மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த மசாலாவில் இந்த வாசம் வராது.

மாவைக் கலக்கும்போது சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். மழமழவென்று அடித்தால் மைதா இழுவை கொடுத்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். நேரம் இருந்தால் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகச் சேருங்கள். உள்ளே பஞ்சாக வரும்.

மெஷினில் இருந்து எடுக்கும்போது மொறுமொறுன்னு இருக்கு, மேசைக்கு வர்றதுக்குள்ள தொய்ஞ்சிடுது. ஏன்? (சூரமங்கலம்)

வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. உள்ளே இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலோ, தட்டில் போட்டு மூடினாலோ அந்த ஆவி திரும்பவும் மேல்தோலிலேயே இறங்கும். இட்லியை மூடி வைக்கிற பழக்கத்தில் இதையும் ஹாட்பாக்ஸில் போட்டுவிடுகிறோம். கம்பி வலைமேல் தனித்தனியாக வையுங்கள், அடியிலும் காற்று போகட்டும். ஓவன் இருந்தால் 100 டிகிரி சூட்டில் அந்த வலையோடு உள்ளே வைத்தால், கடைசி வாஃபிள் முடியும் வரை முதல் வாஃபிள் மொறுமொறுப்பாகவே இருக்கும். குடும்பம் முழுக்க ஒரே பந்தியில் உட்காருவதற்கு வேறு நல்ல வழி கிடையாது.

இன்னொரு காரணம், அவசரம். மெஷினில் பச்சை விளக்கு வந்ததும் திறந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி வந்துகொண்டிருக்கும், அது குறைந்து நூலாக வரும்போதுதான் உள்ளே வெந்திருக்கும். மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். பிடித்து இழுத்தால் மூடிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பலவந்தமாகத் திறந்தால் மேல் பாதி ஒருபக்கம், கீழ்ப்பாதி ஒருபக்கம் கிழிந்து வரும்.

மொறுமொறுப்பு இன்னும் வேண்டுமென்றால் கால் கப் மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு சோளமாவு (கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கிற வெள்ளை மாவு) சேர்க்கலாம். சேலத்துக்காரர்களுக்கு மரவள்ளி ஸ்டார்ச் மாவு சுலபமாகக் கிடைக்கும், அதுவும் சரிதான். ஆனால் கால் கப்பைத் தாண்டினால் கடிக்கும்போது சவ்வு மாதிரி இழுக்கும்.

சேலத்துல அம்மா வீட்ல நல்லா வந்த அளவுதான். இங்க மேல பொங்கி, அப்புறம் நடுவுல அமுங்கிடுது. (நாகலூர், ஏற்காடு மலை)

உங்கள் கைமேல் குற்றமில்லை, உயரம்தான் காரணம். ஏற்காடு கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடரில் உண்டாகும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகும் முன்பே குமிழ்கள் உடைந்து அமுங்கிவிடும். இங்கே தண்ணீரே 95 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், ஈரமும் சீக்கிரம் போகும். அதனால் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடரை ஒன்றரையாகக் குறைத்து, பால் 2 டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள்.

குளிரையும் பார்க்க வேண்டும். டிசம்பர் காலையில் ஃப்ரிட்ஜ் பாலையும் முட்டையையும் அப்படியே ஊற்றினால், உருக்கிய வெண்ணெய் உடனே உறைந்து குருணை குருணையாக மிதக்கும். பாலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். முட்டையை ஐந்து நிமிடம் வெந்நீரில் போட்டு வையுங்கள், போதும்.

மாமியார் முட்டை சாப்பிட மாட்டாங்க. (ஓமலூர்)

முதலில் சொன்ன அளவில் முட்டை, பால், பேக்கிங் பவுடருக்குப் பதிலாக இவை: புளித்த தயிர் 1 கப், பால் முக்கால் கப், ஆப்பசோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். வெண்ணெயோடு ஒரு ஸ்பூன் எண்ணெய். கலந்ததும் உடனே ஊற்றுங்கள். மெஷினையும் அவருக்கே முதலில் பயன்படுத்துங்கள், முட்டை மாவு பட்டபிறகு வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை மண்டி வெல்லம் வீட்ல இருக்கு. மாவுல போடலாமா? ஒட்டுது. (அம்மாப்பேட்டை)

நாட்டுச்சர்க்கரைக்குப் பதிலாகப் போடலாம், ஆனால் 4 டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். இனிப்பு கூடினால் உள்ளே வேகும் முன் வெளியே கருகி, குழிகளில் பாகாக ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவிட்டுச் சேருங்கள். சூடான பாலில் நேரே போட்டால் பால் திரிந்துவிடும். கரைத்த தண்ணீர் அளவுக்குப் பாலைக் குறைக்க மறக்காதீர்கள்.

அந்த வெல்லத்தின் அருமை மேலே ஊற்றுகிற பாகில்தான் தெரியும். ஒரு கப் வெல்லம், அரை கப் தண்ணீர், கொதித்ததும் வடிகட்டி, விரலில் பிசுபிசுக்கிற பதத்தில் இறக்குங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் இறுகிவிடும். அதில் கெட்டி டிக்காஷன் 3 டேபிள்ஸ்பூன், ஒரு ஸ்பூன் வெண்ணெய், துளி உப்பு. ஏற்காட்டுக் காபித்தூள் என்றால் இன்னும் அருமை. இந்தப் பாகு இருந்தால் நான் மேப்பிள் சிரப்பைத் தொடவே மாட்டேன். ஆரஞ்சுத் தோலின் மேல்பாகத்தை மட்டும் லேசாகத் துருவித் தூவுங்கள். வெள்ளைப் பகுதி கசக்கும்.

பாகுக்குப் பதிலா மலைத்தேன் ஊத்தலாமா? வீட்ல பத்து மாசக் குழந்தை இருக்கு. (அயோத்தியாப்பட்டணம்)

பெரியவர்களுக்குத் தாராளமாக. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம், நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதில் குடலில் விஷத்தை உண்டாக்கலாம்.

மெஷின் இல்லை அக்கா. (ஆத்தூர்)

பணியாரக்கல்லில் ஊற்றுங்கள். கட்டம் இருக்காது, ருசி இருக்கும். வெண்ணெய் சீக்கிரம் கருகும், நெய் தடவி மிதமான தீயில் வையுங்கள்.

நடுராத்திரிப் பூசை முடிஞ்சு வந்து தூங்கி எழுந்தா லேட் ஆயிடும். முந்தின நாளே மாவு கரைச்சு வைக்கலாமா? (ஏற்காடு)

கரைத்து வைத்தால் பேக்கிங் பவுடரின் வேகம் ராத்திரியிலேயே பாதி தீர்ந்துவிடும். மாவும் மசாலாவும் கலந்து ஒரு டப்பாவில், பாலும் முட்டையும் அடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பாலை வெந்நீரில் வைத்து குளிர் போக்கி, வெண்ணெய் உருக்கிக் கலக்க வேண்டியதுதான். அதற்குக்கூட நேரமில்லை என்றால், முந்தின நாளே சுட்டு, நன்றாக ஆறியபின் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் டோஸ்டரிலோ தோசைக்கல்லிலோ நேரே சூடாக்கலாம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், தோல் ஈரமாகிவிடும்.