மைக் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதே!

கேள்வி: மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். வணிகர் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறார்கள். கடையில் சரளமாகப் பேசுகிற எனக்கு மேடையில் வாய் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: கடையில் வாடிக்கையாளர் கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். மேடையில் யாரும் கேட்பதில்லை, அதுதான் தடுமாற்றம். ஆகவே கேள்வியை நீங்களே போடுங்கள்: "செக்கு எண்ணெய் ஏன் விலை அதிகம்?" ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு என்று கணக்குச் சொல்லுங்கள். கையில் ஒரு பாட்டில் இருக்கட்டும். நடுங்கும் கைக்கும் வேலை கிடைக்கும்.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வரி மறந்தால் மொத்தமும் அறுந்துபோகும். முதல் இரண்டு வரி, கடைசி வரி மட்டும் மனப்பாடம். நடுவில் நான்கு குறிப்புச் சொற்கள், அஞ்சலட்டை அளவுத் தாளில், பெரிய எழுத்தில். நின்றபடி உரக்கப் பேசி, கைபேசியில் பதிவுசெய்து நேரம் பாருங்கள். நான்கு நிமிடத்தில் முடிய வேண்டும், "அவர்களே, அவர்களே" விளிப்புக்கே ஒரு நிமிடம் போய்விடும்!

மைக் வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' ஒலி வெடிக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே பிடித்தால் ஊளையிடும்.