பல்வலியோட தடுப்பூசி போடலாமா? சிஸ்டர் அக்காவைக் கேளுங்க

ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி மேஜையில உட்கார்ந்தே பாதி சர்வீஸ் போச்சு. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

கே: நாளைக்கு ஃப்ளூ ஊசி. கடைவாய்ப்பல் ரெண்டு நாளா விண்விண்ணுன்னு தெறிக்குது. போகலாமா அக்கா?

ப: காய்ச்சல் இல்லைன்னா தாராளமா போங்க. நல்ல காய்ச்சலும் கன்ன வீக்கமும் இருந்தா முதல்ல பல் டாக்டர், அது அடங்கினதும் ஊசி. ஏன்னா ஊசி போட்ட அன்னிக்குச் சிலருக்கு உடம்பு சுடும். அதுதான்னு நினைச்சு, பல்லுல சீழ் பிடிச்சதைக் கோட்டை விட்டுருவோம்.

கே: பல்லுக்கு அமாக்சிசிலின்னு ஆன்டிபயாடிக் ஓடுது. ஊசி வேலை செய்யுமா?

ப: ஃப்ளூ, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா ஊசி), கொரோனா எல்லாம் செய்யும். கோர்ஸை நடுவுல நிறுத்தாதீங்க.

கே: முன்னாடியே வலி மாத்திரை போட்டுட்டு வரலாமா?

ப: ஊசி வலிக்குமேன்னு பயந்து போட வேண்டாம். பல்வலிக்குன்னா போடுங்க, என்ன மாத்திரைன்னு நர்ஸ்கிட்ட சொல்லுங்க. ஆனா மாத்திரையை நுணுக்கி ஈறுல வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஆஸ்பிரினை அப்படி ராத்திரி முழுக்க அதக்கி வச்சிருந்த ஒருத்தர் காலையில வந்து வாயைத் திறந்தார். ஈறு பால் ஆடை மாதிரி வெளுத்து உரிஞ்சு தொங்குச்சு. பல்வலி அப்படியேதான் இருந்துச்சு!

கே: நாய் கடிச்சு ஒரு ஊசி போட்டாச்சு. நேத்து பல் பிடுங்கினேன், கன்னம் உப்பியிருக்கு. அடுத்த ஊசியை நாலு நாள் தள்ளட்டுமா சிஸ்டர்?

ப: கூடவே கூடாது தம்பி. 0, 3, 7ன்னு அட்டையில எழுதியிருக்கிற நாள் சும்மா இல்ல. மத்த ஊசிக்குச் சொன்ன காய்ச்சல் கணக்கு இதுக்குக் கிடையாது. வெறிநோய் வந்துட்டா அப்புறம் பிழைக்க வைக்க மருந்து இல்ல. வீங்கின கன்னத்தோடயே போங்க.

கே: 9 மாசப் பாப்பாவுக்குப் பல் முளைக்குது, ஒரே ஜொள்ளு. புதன்கிழமை தட்டம்மை ஊசி. அத்தை வேண்டாங்கறாங்க.

ப: போட்டுருங்கம்மா. அத்தையையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்.

கே: அக்கா, வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கல. தாடைக்கு அடியில கல்லு மாதிரி வீக்கம், எச்சில் முழுங்க முடியல. மத்தியானம் கொரோனா ஊசி போடலாமா?

ப: ஊசியை விடுங்க. பல்லுல இருந்த சீழ் கழுத்துக்கு இறங்குது, மூச்சுக்குழாயை அடைச்சிரும். பல் கிளினிக்கும் வேண்டாம், 108க்கு அடிச்சு நேரா பெரிய ஆஸ்பத்திரி. கிளம்பியாச்சான்னு ஒரு வார்த்தை போடுங்க.