டிரெஸ்ஸிங் ரூம் கிண்டலுக்கெல்லாம் புகார் கொடுப்பது ஓவர் இல்லையா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் புதிதாக ஏதோ டீமில் சேர்ந்த பையன் என்று தோன்றுகிறது. சீனியர்கள் எதையோ செய்துவிட்டு "ஜாலிக்குத்தானேடா" என்றிருப்பார்கள், உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். ஓவர் இல்லை தம்பி. சம்பளம் வாங்கும் இடம்தான் வேலையிடம். குளிக்கிற அறையும் அதில் சேர்த்தி.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் கடப்புறத்துக்காரன், அதாவது கடலோர மீனவ ஊர். இங்கே நடக்கத் தெரிந்த பையனெல்லாம் மணலில் பந்து உதைப்பான். அப்படி உதைத்தே சென்னையில் ஒரு கால்பந்து டீமுக்குப் போனேன், லெஃப்ட் விங், அதாவது இடது கோட்டோரம் ஆடுகிறவன். எந்த டீம் என்று கேட்காதீர்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "மீனு"தான். பையைத் திறந்தால் மூக்கைப் பொத்துவார்கள். சரி, அதை விடுங்கள். சீனியர்களின் ஈர ஸ்டாக்கிங்ஸைத் துவைத்துப் போட்டதையும் விடுங்கள். ஒரு மேட்ச் முடிந்து குளித்துவிட்டு வரும்போது ஒருவன் துண்டை உருவினான், இன்னொருவன் போனில் எடுத்தான். நான் சட்டை மாட்டி முடிப்பதற்குள் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கோச்சும் அதே குரூப்பில்தான். சிரிப்பு ஸ்மைலி ஒன்று போட்டார்.

அழிக்கச் சொன்னேன். அப்புறம் யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பந்து வருவது மட்டும் நின்றது. கோட்டோரம் என்னைச் சுற்றி ஆளே இருக்காது, கையைத் தூக்கியபடி நிற்பேன். பந்து வைத்திருக்கும் எங்கள் டீம்காரன் மூன்று பேருக்கு நடுவில் சிக்கிப் பறிகொடுத்தாலும் கொடுப்பானே தவிர எனக்குத் தரமாட்டான். கேலரியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் ஓடாத விங்கர். சீசன் முடிந்ததும் "ஃபார்ம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இதை எந்தப் புகாரில் எழுதுவது?

"ஆம்பளப் பசங்கன்னா அப்படித்தான்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு: எங்கள் ஊர் டீமில் இல்லாத கிண்டலா? அங்கே நான் திருப்பிக் கொடுக்கலாம், அதனால் என் சோறு போகாது. 2013இல் மயாமி டால்ஃபின்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் வீரர் ஜோனதன் மார்ட்டின், சக வீரர்களின் தொல்லை தாங்காமல் சீசன் பாதியில் கிளம்பினார். ஆறடிக்கு மேல் உயரம், 140 கிலோ எடை. தொட்டாற்சிணுங்கி உடம்பு இல்லை. மறு வருடம் வந்த விசாரணை அறிக்கையைத் தேடிப் படியுங்கள். தொல்லை கொடுத்த சக வீரர் ரிச்சி இன்காக்னிட்டோ, மார்ட்டினை "உடைத்ததற்காக", வீரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் அபராதங்களை எழுதும் நோட்டில் தன் பெயரிலேயே 200 டாலர் அபராதம் எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டம் விளையாட்டரங்கத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது, ஆனால் அது பெண்களுக்கு மட்டும். தங்கைகள் யாராவது படித்தால்: 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். 18 வயது ஆகாத பையனுக்கும் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு, அந்தரங்கத்தைப் படம் எடுத்துப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு இருக்கிறது. அதில் ஆண், பெண் பேதமில்லை. 3 வருடம் வரை சிறை.

    

உங்கள் விஷயத்தில் வீடியோ ஏதாவது இருந்தால், கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறிவிடாதீர்கள். யார் போட்டது, என்ன தேதி, யார் யார் சிரித்தார்கள் என்று தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, டீமில் இல்லாத ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.