ஏ-செட் படிக்க அரசாங்கக் காசு: ஸ்கூலுக்கு முற்பணம் கட்டும் முன்

கேள்வி: ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் 11 வருடம் வேலை செய்தேன். இரண்டு மாதத்துக்கு முன் லே-ஓஃப் செய்துவிட்டார்கள். ஈ.ஐ. (வேலையிழந்தவருக்கான காப்புறுதிக் காசு) வருகிறது. வயது 43. ட்றக் ஓட ஏ-செட் லைசன்ஸ் எடுக்க யோசிக்கிறேன். ஒரு ஸ்கூலில், "1,000 டொலர் கட்டிப்போட்டுத் திங்கட்கிழமையே தொடங்குங்கோ, அரசாங்கக் காசைப் பிறகு எடுக்கலாம்" என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அந்த 1,000 டொலரைக் கட்டாதீர்கள். ஒன்ராறியோவில் இதற்கான திட்டம் பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ. 2008இல் செக்கன்ட் கரியர் என்று தொடங்கியது. எங்கள் ஆட்கள் பலர் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார்கள். கோர்ஸ் கட்டணம், புத்தகம், போக்குவரத்து, பிள்ளை பராமரிப்பு, அடிப்படை வாழ்க்கைச் செலவு ஆகியவற்றுக்கு, குடும்ப வருமானத்தையும் தேவையையும் பார்த்து இதில் உதவி கிடைக்கும். ஆனால் ஒப்புதல் வரும் முன்னரே கோர்ஸைத் தொடங்கியவருக்கு இல்லை. ஒப்புதல் கொடுப்பது ஸ்கூலின் கையிலும் இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் போய் இருந்தால், கிடைக்கக்கூடிய காசை நீங்களே தட்டிவிட்டதாகிவிடும்.

ஈ.ஐ.யிலும் இதே பொறி இருக்கிறது. இரண்டு கிழமைக்கொருமுறை நிரப்பும் அறிக்கையில் படிப்பு, பயிற்சி ஏதும் போகிறீர்களா என்று கேட்பார்கள். நீங்களாகவே முழுநேரக் கோர்ஸில் சேர்ந்தால், வேலைக்குத் தயாராக இல்லை என்று சொல்லிக் காசை நிறுத்தலாம். மறைத்தால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எம்பிளோய்மென்ற் ஒன்ராறியோ நிலையம் (மாகாணத்தின் வேலைவாய்ப்பு உதவி நிலையம்) கோர்ஸ் தொடங்க முன்னரே உங்களைப் பயிற்சிக்குப் பரிந்துரைத்து, அது ஈ.ஐ.யைக் கொடுக்கும் சேர்விஸ் கனடாவில் பதிவானால், படிக்கும்போதும் ஈ.ஐ. தொடரும். ஆகவே முதல் வேலை, வீட்டுக்குக் கிட்டவுள்ள அந்த நிலையத்தில் ஓர் ஆலோசகரைச் சந்திப்பது. எது கிட்ட என்று தெரியாவிட்டால் 1-800-387-5656க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.

போகும்போது ஆர்.ஓ.ஈ.யை (வேலை நின்றதும் முதலாளி கொடுக்கும் வேலைப் பதிவை) கையில் கொண்டுபோங்கள். சேர்விஸ் கனடாக் கணக்கில் அதைப் பார்க்கலாம். வேலை நின்ற காரணத்துக்கான கட்டத்தில் 'ஏ' என்றிருந்தால் வேலைக் குறைவு; உங்களுக்கு வேண்டியது அதுதான். 'ஈ' என்றால் நீங்களாக விட்டது, 'எம்' என்றால் நீக்கியது. பிழையாகப் போட்டிருந்தால் பழைய முதலாளியிடம் சொல்லித் திருத்திய பிறகே விண்ணப்பத்தைக் கொடுங்கள்.

விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது அடுத்த இடத்தில். "உங்கள் அனுபவத்துக்கு வேறு தொழிற்சாலையிலோ வேர்ஹவுஸிலோ வேலை இல்லையா?" என்று கேட்பார்கள். வாயால் சொன்னால் போதாது. எந்தத் திகதி, எந்த நிறுவனம், என்ன பதில் என்று வேலை தேடிய பட்டியல் ஒன்றை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். அதோடு, ட்றக் ஓட்டினால் வேலை கிடைக்கும் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். ஜொப் பாங்க் என்ற மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் 73300 என்ற தொழில் இலக்கத்தைப் போட்டால் உங்கள் பகுதி நிலவரம் வரும். வேலை விளம்பரங்களைச் சேர்க்கும்போது அவசரப்படாமல் வாசியுங்கள். பல நிறுவனங்கள் காப்புறுதிக்காக ஒன்று, இரண்டு வருட அனுபவம் கேட்கும். அவற்றை இணைத்தால் உங்களுக்கே எதிராகப் போகும். புதிதாக லைசன்ஸ் எடுத்தவரையும் எடுப்போம் என்கிற விளம்பரங்களைத் தேடுங்கள். அப்படியொரு நிறுவனத்தின் கடிதம் கிடைத்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவாளராக மட்டும் இருந்தால் அமெரிக்காவுக்குள் ஓட விசா வேண்டும், ஆகவே எல்லை தாண்டும் வேலைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். "உங்கள் பெயரில் கொம்பனி பதிந்துகொண்டு வாருங்கள்" என்னும் விளம்பரங்களையும் விட்டுவிடுங்கள். அப்படி ஓடினால் ஈ.ஐ., விடுமுறைச் சம்பளம் எல்லாம் கையைவிட்டுப் போய்விடும்.

ஸ்கூலைத் தெரிவு செய்ய, குறைந்தது மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். ஏ-செட்டில் உள்ள 'ஏ' வகுப்புக்கான கட்டாயப் பயிற்சியை ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1இல் கொண்டுவந்தார்கள். மொத்தம் 103.5 மணித்தியாலம்: வகுப்பறை 36.5, யார்டில் வாகனச் சோதனை முதலியவை 17, வண்டிக்குள் 50. இது ஆகக்குறைந்த அளவு மட்டுமே. அரசாங்கம் கட்டும் காசுதானே என்று மலிவானதை எடுத்து, வேலைக்குப் போகும்போது அந்த மணித்தியாலம் காப்புறுதிக்காரருக்குப் போதாமல் போனவர்கள் இருக்கிறார்கள். நான்கு கேள்வி கேளுங்கள். கரியர் கொலிஜாக (தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரியாக) மாகாணத்தில் பதிந்த இடமா, இந்தக் கோர்ஸுக்கே அனுமதி உண்டா? நான் நேரே ஸ்ரேரிங் பிடிக்கும் நேரம் எவ்வளவு, பின் சீற்றிலிருந்து பார்க்கும் நேரம் எவ்வளவு? றோட் டெஸ்ற்றுக்கு வண்டி தருவீர்களா, முதல்முறை தவறினால் இரண்டாம் முறைக்கு யார் கட்டுவது? கியர் வண்டியா, ஓட்டோமற்றிக்கா? கடைசிக் கேள்வி சின்னதல்ல. 2022 ஜூலை 1இலிருந்து ஓட்டோமற்றிக் வண்டியில் டெஸ்ற் கொடுத்து எடுத்த ஏ லைசன்ஸில் ஏ வகுப்புக் கியர் வண்டி ஓட முடியாது.

விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கும் நாட்களில் லைசன்ஸுக்கான மருத்துவப் படிவத்தை முடியுங்கள். டொக்டர் நிரப்ப வேண்டும். ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அதற்குக் கட்டாது. இன்சுலின் எடுப்பவர்களும் இதய நோய்க்கு மருந்தெடுப்பவர்களும் இதைப் பின்னுக்குத் தள்ளவே கூடாது. கோர்ஸ் பாதியில் நிற்க, மருத்துவத்தில் தடை வருவதுபோல் வேதனை வேறில்லை. எழுத்துப் பரீட்சைக்குப் போக முழு ஜி லைசன்ஸ் (சாதாரணக் கார் லைசன்ஸ்) வேண்டும், ஜி2 போதாது. உங்கள் ட்றைவர் அப்ஸ்ராக்ற்றையும் (வாகனம் ஓட்டிய பதிவையும்) எடுத்துப் பாருங்கள். அண்மையில் இரண்டு மூன்று ஸ்பீட் ரிக்கற் இருந்தால், வேலை தருவதாகச் சொன்ன நிறுவனத்திடம் அதை முதலே சொல்லிவிடுங்கள்.

ஒப்புதல் வந்தபின் ஒவ்வொரு ரசீதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். கணக்குக் காட்ட முடியாத காசைத் திருப்பிக் கேட்பார்கள். ஆலோசகருக்குச் சொல்லாமல் கோர்ஸை விட்டாலும் அதே கதைதான்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, குறைந்த ஆதாரத்தைச் சேர்த்துத் திரும்பப் போடலாம். அரசாங்கத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால், மார்ச்சில் போனால் புது ஆண்டு வரவுசெலவில் இடம் உண்டா என்றும் ஆலோசகரிடம் கேளுங்கள். சொந்தக் காசில்தான் படிக்க வேண்டி வந்தால், கனடா ட்றெயினிங் கிரெடிற் என்ற வரிச் சலுகையைப் பாருங்கள். 2019 முதல், வருமானமும் வயதும் பொருந்தும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 250 டொலர் உங்கள் பெயரில் சேர்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பது வரி ஃபைல் பண்ணியபின் வரும் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்றில் இருக்கும். தகுதியான கட்டணத்தில் பாதிவரை, சேர்ந்த தொகைக்குள் கோரலாம். இதற்கு ஸ்கூல் மத்திய அரசின் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அதையும் அந்த மூன்று ஸ்கூலிலும் கேட்டு வையுங்கள்.