புள்ளி உதிர்ந்தால் நோய் போய்விட்டதா?

கேள்வி: 300 லிட்டர் பவளத் தொட்டி. புதிதாக விட்ட ப்ளூ டாங் மீனின் மீது உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்து, ஐந்தே நாளில் தானாகப் போய்விட்டன. இரண்டு வாரம் கழித்து க்ளவுன் மீன்களுக்கும் வந்திருக்கிறது. தொட்டியிலேயே காப்பர் மருந்து ஊற்றலாமா?

பதில்: ஊற்றவே கூடாது. காப்பரில் பவளம், இறால், நத்தை எதுவும் பிழைக்காது. லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் வாழும் தொட்டிப் பாறை) மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கசியவிடும். வைத்தியம் மீனுக்கு, அதை வேறு தொட்டியில் செய்ய வேண்டும்.

இது வெண்புள்ளி நோய், காரணம் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாள் தின்று வளர்ந்து, தானே உதிர்ந்து, பாறையிலோ மணலிலோ ஒட்டி ஓடு கட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்தது இதனால்தான். ஓட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்கில் பிரியும். அப்படிப் பிரிந்த ஒட்டுண்ணிக் குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டில் வெளியே வரும். அந்நேரம் மீன் வழக்கமான பொந்தில் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். முந்தைய புள்ளிகள் உதிர்ந்து ஒட்டியதும் பெரும்பாலும் அதே பொந்தில்தான். அடுத்த சுற்று பல மடங்காக வருவது இப்படித்தான்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ண முடிகிற புள்ளிகள் என்றால் வெண்புள்ளி. மாவு படிந்ததுபோல் நுண்ணிய தூசி, வேகமான மூச்சு, பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்) எதிரிலேயே நிற்பது என்றால் வெல்வெட் என்ற வேறு நோய். அது ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும், அன்றே மீன்களைக் காப்பர் கலந்த வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். க்ளவுன் உடலில் சளி திரண்டு தோல் உரிந்தால் அது ப்ரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அதற்குக் காப்பர் பயன்படாது, ஃபார்மலின்தான்.

உங்கள் மீன்களுக்கு 100 லிட்டர் வெறும் கண்ணாடித் தொட்டி போதும். மணலும் கல்லும் வேண்டாம். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஸ்பாஞ்சில் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இல்லாவிட்டால் மீன் நோயால் அல்ல, அமோனியாவால் சாகும். பாட்டில் பாக்டீரியா சேர்த்து, தினமும் அமோனியா பாருங்கள். ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள். அமோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கக் கூடாது. சில காப்பர் மருந்துகள் அதனால் மீனுக்கு நஞ்சாக மாறும்.

கீலேட்டட் காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த வகை) வாங்குங்கள். இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராமில் 30 நாள் நிறுத்துங்கள். அயானிக் (பிணைக்காத) வகை என்றால் அளவே வேறு, இதைவிட மிகக் குறைவு, பாட்டிலில் உள்ளபடி போடுங்கள்; ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் மீன் போய்விடும். காப்பர் கொல்வது தண்ணீரில் நீந்தும் குஞ்சுகளை மட்டுமே, தோலுக்குள்ளும் ஓட்டுக்குள்ளும் இருப்பவற்றை அது தொடாது. ஆகவே அளவு ஒரு நாள் 2-க்குக் கீழே இறங்கினாலும் நாள் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்த பிறகே ஊற்றுங்கள். நிறம் ஒப்பிடும் கிட்டை நம்பாதீர்கள், காப்பரை அளக்கும் டிஜிட்டல் செக்கர் அவசியம்.

பெரிய தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் கிடக்கட்டும். ஓட்டிலிருந்து குஞ்சு வெளிவர 72 நாள் வரை ஆனதாகப் பதிவு உண்டு. பொறுமையைச் சோதிக்கும்தான், ஆனால் ஒரே ஒரு மீனை உள்ளே விட்டுவைத்தாலும் அத்தனையும் வீண். பவளம், இறால், நத்தை எல்லாம் அங்கேயே இருக்கலாம். அவற்றை ஒட்டுண்ணி தொற்றாது. ஸ்கிம்மரும் (நுரையாக அழுக்கை எடுக்கும் கருவி) நீரோட்டமும் வழக்கம்போல் இருக்கட்டும். வலை, வாளி, ஈரக் கை எதுவும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாக இருக்கக் கூடாது. முப்பது நாள் சிகிச்சை முடிந்ததும் கார்பன் போட்டுக் காப்பரை எடுத்துவிட்டு, மீதி நாட்களுக்கு மீன்கள் அங்கேயே இருக்கட்டும்.

பூண்டுச் சாறு, க்ளீனர் இறால், ரீஃப் சேஃப் (பவளத்துக்குக் கேடில்லை) என்று விற்கும் திரவங்கள் எதுவும் இந்த நோயை ஒழித்துவிடும் என்று எண்ணாதீர்கள். யூவி விளக்கு எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது.

இனி வாங்கும் மீனுக்கு மருந்தே இல்லாத வழி உண்டு. இரண்டு தொட்டிகளை மாறி மாறி வைத்து, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை மீனை மாற்றுங்கள். காலியான தொட்டியையும் சாமான்களையும் கழுவி முழுக்கக் காய வையுங்கள். உதிர்ந்தவை குஞ்சு விடும் முன் மீன் இடம் மாறிவிடும். வெல்வெட்டுக்கு இது போதாது. புதுப் பவளத்தின் அடிக்கட்டை, நத்தையின் ஓடு இவற்றிலும் ஒட்டுண்ணி ஒட்டி வரும், பவளத்தை முக்கி எடுக்கும் மருந்துக் குளியலில் (டிப்) அது சாகாது. அவற்றையும் மீனில்லாத சிறு தொட்டியில் அதே 76 நாள் வைத்த பிறகே உள்ளே விடுங்கள்.