செம்மரம் தோட்டம் தோட்டமாக நிற்கிறதே, பிறகு ஏன் அழியும் பட்டியலில் இருக்கிறது? ஒரு நாட்டின் செடிகளுக்கு இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்?

என் சின்ன மாமாவும் இதையேதான் கேட்டார். புத்தூரிலிருந்து நாராயணவனம் போகிற வழியில் அவருக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற அதே புத்தூர்தான், பழைய சித்தூர் மாவட்டம். மாமரத்துக்கு நடுவே செம்மரம் வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. "ஏன்டா மாப்ளே, என் கொல்லையிலேயே முந்நூறு மரம் நிக்குது. இதைப் போய் அழியப்போற மரம்னு எழுதி வெச்சிருக்காங்களே, வந்து பார்த்துட்டுத்தான் எழுதினாங்களா?" என்றார்.

நான் தாவரவியல் படித்துவிட்டு நான்கு வருடம் ஒரு கணக்கெடுப்புக் குழுவோடு இந்த மலைகளில் நடந்தவன். இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். மாமாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: தோட்டத்து மரம் இந்தக் கணக்கில் வராது. ஒரு செடி எந்த மண்ணுக்குச் சொந்தமோ, அந்த மண்ணில் தானாக முளைத்து, தானாக வளர்ந்து, விதை போடுகிற அளவுக்கு முதிர்ந்து நிற்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். செம்மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா என்று கடப்பா, சித்தூர், நெல்லூர்ப் பக்கத்து மலைகள், தமிழ்நாட்டு எல்லையில் கொஞ்சம், அவ்வளவுதான். வேறு எங்கே எத்தனை லட்சம் நட்டாலும் அது பயிர். நெல் அழியப்போகிறதா என்று யாரும் கேட்பதில்லை, அதுபோல. அதே காரணத்தால்தான் மலைச்சரிவு முழுக்க மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடியும், ஏரிக்கரையை வளைத்துவிட்ட சீமைக்கருவேலமும் நம் நாட்டுப் பட்டியலுக்குள்ளேயே வராது. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை.

உலகம் முழுக்கப் பயன்படுத்துவது ஐ.யூ.சி.என். என்கிற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியல் முறை. 1964-ல் தொடங்கிய பட்டியல் அது. இப்போது கையில் இருக்கிற விதிகள் 2001-ல் வந்தவை. ஒரு செடியை ஐந்து விதமான அளவுகோலில் வைத்துப் பார்ப்பார்கள். எதில் மோசமான நிலை வருகிறதோ அந்த நிலையே பட்டியலில் ஏறும். ஐந்தையும் இங்கே விளக்கப்போவதில்லை. செம்மரத்தைப் புரிந்துகொள்ள ஒன்று போதும், அதுதான் கஷ்டமானதும்: எவ்வளவு வேகமாகக் குறைகிறது?

கடந்த பத்து வருடம் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் முதிர்ந்த மரங்களின் எண்ணிக்கை 30 விழுக்காடு குறைந்திருந்தால் 'அழிய வாய்ப்புள்ளது', 50 விழுக்காடு குறைந்திருந்தால் 'அருகியது', 80 குறைந்திருந்தால் 'மிக அருகியது'. குறைந்ததற்கான காரணம் இன்னும் தொடர்கிறது என்றால்தான் இந்த எல்லைகள். காரணம் நின்றுபோய்விட்டால் கொஞ்சம் தளர்த்துவார்கள். தலைமுறை என்பது விதை போடுகிற மரங்களின் சராசரி வயது. ஒரே பருவத்தில் பூத்துக் காய்ந்துவிடும் புல்லுக்குப் பத்து வருடம் என்பது பெரிய காலம். செம்மரம் போல மெதுவாக வளர்கிற மரத்துக்கு மூன்று தலைமுறை என்றால் என் தாத்தா காலத்தைத் தாண்டிப் போகும். அப்போது எத்தனை மரம் இருந்தது என்று இன்றைக்கு எப்படிச் சொல்வது? பழைய வனத்துறைத் திட்ட ஏடுகள், கோயம்புத்தூரில் இருக்கிற மதராஸ் ஹெர்பேரியத்தில் காய்ந்த செடிகளோடு ஒட்டியிருக்கும் சீட்டுகள், மலையடிவாரத்துப் பெரியவர்களின் நினைவு, வெட்டிய அடிக்கட்டைகள். இதையெல்லாம் சேர்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். நேரில் பார்க்காத வரைக்கும் எனக்கும் இது ஊகம் போலத்தான் பட்டது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கைலாசகோனா பக்கத்தில் ஒரு சரிவு, பங்குனி மாத வெயில். 20 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டி உள்ளே இருப்பதை எண்ணுவது வேலை. செம்மரத்தைப் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிடும். பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். லேசாகக் கீறினால் இரத்தம் போலப் பிசின் கசியும். இலை பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். 43 வந்தது. நல்ல காடு என்று எனக்கு மனசுக்குள் சந்தோஷம்.

எங்களுக்கு வழி காட்ட வந்திருந்த பெரியவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "எண்ணாதீங்க தம்பி, இதில முக்காவாசி மறுதாம்பு" என்றார். கரும்பிலும் தைல மரத்திலும் வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பதைச் சொல்வோமே, அதே மறுதாம்புதான். குனிந்து சருகை விலக்கிக் காட்டினார். ஒரே அடிக்கட்டையிலிருந்து ஐந்து தண்டு, ஆறு தண்டு. கட்டையின் விளிம்பில் கோடாலி வாய் பதிந்திருந்தது. நடுவில் கருஞ்சிவப்பு வட்டம், அதாவது வைரம் பாய்ந்த மரமாக இருந்திருக்கிறது. "தாய் போயிடுச்சு, இதுங்க காய்க்க இன்னும் நாளாகும்" என்றார்.

மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். செம்மரத்தின் காய் சின்ன அப்பளம் மாதிரி வட்டமாக, தட்டையாக, நடுவில் மட்டும் மேடாக இருக்கும். போன பருவத்துக் காய் கிளையிலோ அடியிலோ கிடக்கிற மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 7 தேறியது. காடு பச்சையாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலும், செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலும் காடு நிறைந்துதான் தெரியும்.

விலை இருப்பது வைரத்துக்கு, அதாவது அந்தச் சிவந்த நடுக்கட்டைக்கு. வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே திருடுகிறவன் தேடி வெட்டுவது பருத்த மரத்தை, அதாவது விதை போடுகிற மரத்தை. இளசும் மறுதாம்பும் நின்றுகொண்டே இருக்கும். எண்ணிக்கை குறைந்ததாகவே தெரியாது. முதிர்ந்த மரத்தை மட்டும் எண்ணு என்று அந்த விதியில் எழுதி வைத்திருப்பதன் அருமையை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சரி, பட்டியலில் செம்மரம் ஏறி இறங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் கடைசியில் 'அருகியது' என்று வைத்தார்கள். 2018-ல் இரண்டு படி தளர்த்தி, 'ஏறக்குறைய அபாய நிலை' என்றார்கள். 2021 மதிப்பீட்டில் மறுபடியும் 'அருகியது'. மூன்று தலைமுறையில் 50 முதல் 80 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது என்பது அந்தக் கடைசி மதிப்பீட்டின் கணக்கு. மூன்றே வருடத்தில் காடு அப்படி மாறிவிட முடியாது. இப்படி நிலை மாறும்போது, செடியே உண்மையில் கூடியதா குறைந்ததா, இல்லை நம் தகவல் மாறியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது ஐ.யூ.சி.என். விதியிலேயே உண்டு. 'தளர்த்திவிட்டார்களாம்' என்று செய்தி வந்தவுடனே மரம் பிழைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

எல்லாச் செடிக்கும் மரம் மரமாக எண்ண முடியாது. அதற்கு இன்னொரு வழி பரப்பளவு. திருமலைப் பக்கத்து மலைகளில் சைகஸ் பெட்டோமி என்று ஒரு செடி இருக்கிறது. பார்த்தால் குட்டையான ஈச்சமரம் மாதிரி இருக்கும், ஆனால் ஈச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மிகப் பழைய வம்சம். உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஆண் செடியின் கூம்பை நாட்டு மருந்துக்கு ஒடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதுவரை கண்ட இடங்களையெல்லாம் வரைபடத்தில் ஊசி குத்தி, வெளி ஊசிகளைச் சுற்றி ஒரு நூலை இழுத்துக் கட்டினால் உள்ளே வருவது அதன் பரவல் எல்லை. அது 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, கூடவே இடங்கள் ஐந்துக்கு மேல் போகாமல், நிலைமையும் தொடர்ந்து சரிந்துகொண்டிருந்தால் 'அருகியது'. 100-க்குக் கீழே, ஒரே இடம் என்றால் 'மிக அருகியது'. நூலுக்குள் வயலும் ஊரும் கூட வந்துவிடுமே என்பதற்காக, இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, செடி உண்மையிலேயே இருக்கிற கட்டங்களைத் தனியாகவும் எண்ணுவார்கள். அதற்கு எல்லைகள் இன்னும் சிறியவை. சின்ன இடத்தில் இருப்பது மட்டும் ஆபத்தாகாது, சரிவும் சேர வேண்டும். பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நாடு முழுக்கச் செய்ய முடியுமா என்றால், முடியும். தென்னாப்பிரிக்கா செய்து காட்டியிருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட தன் தாவரங்கள் அத்தனையையும் மதிப்பிட்டு 2009-ல் வெளியிட்டார்கள். அதில் 13 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருந்தன. அங்கே ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் அரிய பூச்செடிகளைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதுகிறார்கள், க்ரூ என்று அதற்கு ஒரு திட்டமே நடக்கிறது. எனக்கு அந்தப் பட்டியலை விட அந்த ஆட்கள் மேல்தான் பொறாமை. நம் நாட்டில் பூக்கும் தாவரங்கள் மட்டுமே சுமார் 18,000. 1890-ல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1987 முதல் 1990 வரை மூன்று தொகுதியாக ஒரு சிவப்பு ஏடு போட்டது. அது முழுக் கணக்கு இல்லை. 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த ஐ.யூ.சி.என். மாநாட்டில், தாவரமும் விலங்குமாகச் சுமார் 11,000 இனங்களை 2030-க்குள் மதிப்பிடப்போவதாக இந்தியா அறிவித்திருக்கிறது. நடந்தே ஆக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒரு நாட்டுக்குள் மட்டும் கணக்குப் போடும்போது கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். செடி எல்லைக்கு அப்பாலும் இருக்கிறதா, அங்கிருந்து விதையோ மகரந்தமோ இந்தப் பக்கம் வந்து சேருமா? வருமென்றால் ஆபத்து நிலையை ஒரு படி குறைக்கலாம். செம்மரத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. நம்மிடம் போனால் உலகத்தில் போனது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'தகவல் போதாது' என்று ஒரு நிலை உண்டு. அதைப் பத்திரமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். 'அழிந்துவிட்டது' என்று எழுதவும் அவசரப்படக் கூடாது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில், இலுப்பை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தை 180 வருடத்துக்குப் பிறகு 2020 வாக்கில் கண்டுபிடித்தார்கள். ஒரு கோயில் காவுக்குள், அதாவது சாமிக்கென்று விட்ட தோப்புக்குள், ஒரே ஒரு மரம். கடைசி மரமும் செத்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லாத அளவுக்குத் தேடிய பிறகுதான் அந்த வார்த்தையை எழுத வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான்.

பருத்த மரங்கள் சரியாக எங்கே இருக்கின்றன என்று எந்த அறிக்கையிலும் வெளியிட மாட்டார்கள். நீங்களும் படத்தோடு இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திரப் போலீசாரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலைகளிலிருந்து வந்த நம் சனங்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் 'அச்சுறுத்தல்' என்ற கட்டத்தில் 'சட்டவிரோத வெட்டு' என்று இரண்டு வார்த்தை எழுதும்போதெல்லாம் எனக்கு அவர்கள் வீடுகள் நினைவுக்கு வரும்.

கடைசியாக, தோட்டம் வீணா என்று மாமா கேட்டதற்கு. நிச்சயமாக இல்லை. 1995-லிருந்து செம்மரம், அரிய செடி, விலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் செம்மர வணிகத்தின் மேல் இருந்த சிறப்புக் கண்காணிப்பை 2023 நவம்பரில் எடுத்துவிட்டார்கள், வளர்க்கிற விவசாயிக்கு அது நல்ல சேதி. வளர்த்த மரம் ஒழுங்காகச் சந்தைக்குப் போனால் காட்டு மரத்தின் மேல் இருக்கிற நெருக்கடி கொஞ்சமாவது குறையும் என்பது என் நம்பிக்கை. இன்னொரு பயனும் இருக்கிறது. உங்கள் கன்று எந்த மலையின் விதை என்று தெரிந்தால், நாளைக்கு அந்த மலைக்கே விதை தேவைப்படும்போது உங்கள் மரம் கை கொடுக்கும். தெரியாவிட்டால் அதை அங்கே கொண்டுபோய் நடத் தயங்குவார்கள். மாமா கன்று வாங்கிய நர்சரிச் சீட்டைத் தேடி, பழைய எல்.ஐ.சி. காகிதங்களுக்கு நடுவிலிருந்து எடுத்துவிட்டார். விதை எடுத்த இடம் பேனாவில் எழுதியிருந்தது. உங்களிடமும் அப்படி ஒரு சீட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.